பசை இல்லாத குன்று

செஞ்சி,
9-2-1964

அன்புள்ள அண்ணாவுக்கு அனந்தமதி வணக்கம்.

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் சித்தாமூர்க் கல்யாணத்துக்கு வந்தீர்கள். போகிற வழியில் நம் வீட்டில் சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டுமே என்று மத்தியானமே புடலங்காய்க் கூட்டும் பருப்புத் துவையலும் செய்து மூடி வைத்தேன். பஸ் வரக் கொஞ்சம் நேரம் இருந்தது. சந்தை கலைந்த நாளாயிற்றே என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் குப்பை மேட்டுக்கு ஒரு நடை போனேன். அங்கிருந்து திரும்பி வந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வரவேயில்லை.

மறுநாள் டீக்கடைக் கன்னியப்பன் சொன்னார். "உங்க அண்ணாரு வந்தாரும்மா. பையத் தூக்கிக்கினு எறங்கனாரு. நீங்க அங்க குந்திக்கினு டப்பா பொறுக்கிக்கினு இருந்தீங்க. பாத்தாரு. மூஞ்சத் திருப்பிக்கினு அதே வண்டில ஏறிட்டாரு. ஒரு டீகூட சாப்புடல."

டீ குடிக்காமல் போனதில் அவருக்கு வருத்தம். எனக்கு வந்தது வருத்தமில்லை, ஆத்திரம். கூட்டைக் கறுப்பன் சாப்பிட்டது. நம் வீட்டு நாய் உங்களைவிட நல்ல குணமுள்ளது, கொடுத்ததை வேண்டாமென்று சொல்லாது.

அண்ணா, நான் டிராயிங் டீச்சர். பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரத்தில் ஊர் தூக்கிப் போட்டதையெல்லாம் பொறுக்கி, பலகையில் பதித்து, மேலே வண்ணம் தீட்டிப் படம் செய்கிறேன். இது ஊருக்கே தெரியும். உங்கள் மாப்பிள்ளைக்கும் தெரியும். மல்லாட்டை (உங்கள் மெட்ராசில் வேர்க்கடலை) வியாபாரத்துக்குப் போகிற ஊரிலிருந்தெல்லாம் எனக்காகத் தகரம் கொண்டுவருகிறார். தெரியாத மாதிரி இருப்பது நீங்கள் ஒருவர்தான். நைனா காலமானதும் கடைத்தெருவில் அவருடைய மளிகைக் கடையைப் பூட்டி, சாவியை மெட்ராசுக்கு எடுத்துப் போனீர்கள். விற்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. நான் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். போகட்டும், இன்று அதைக் கேட்க வரவில்லை.

கேட்க வந்தது வேறு. நம் ஜைனப் பிள்ளைகளுக்காக மெட்ராசில் மாணவர் விடுதி கட்டி முடித்துவிட்டீர்களாம், அதன் பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு பெரிய சுவருக்குப் படம் தேடுகிறீர்களாம், நீங்கள்தான் செயலாளராம். அண்ணி எழுதியிருந்தார்கள். அந்தச் சுவர் எனக்கு வேண்டும். திருநாதர் குன்றின் பாறையையும் அதில் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் செய்து தருகிறேன். அந்தப் பாறையை என்னைப்போல் பார்த்தவர்கள் உங்கள் கமிட்டியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பதில் போடவும். பஸ் ஏறி ஓடிவிட முடியாத பதிலாக இருக்கட்டும்.

அன்புத் தங்கை,
அனந்தமதி


சென்னை,
15-2-1964

அன்புள்ள தங்கை அனந்தமதிக்கு தர்மதாஸ் ஆசி.

இவ்விடம் யாவரும் சுகம். மாப்பிள்ளை குணபாலனுக்கு என் அன்பைச் சொல்லவும்.

உன் கடிதத்தை உன் அண்ணி சத்தமாகப் படித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் நைனா நடந்துபோனால் எதிரில் வருகிறவர்கள் துண்டை இறக்கி நிற்பார்கள். அவர் மகள் புடவையைச் செருகிக்கொண்டு குப்பையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கூடவே குனிந்து பொறுக்கியிருக்க வேண்டுமா? வெட்கமாக இருந்தது. போய்விட்டேன். உன் கூட்டு வீணானதற்கு மட்டும் வருந்துகிறேன்.

நான் பாத்திரக் கடைக்காரன். புதுப் பாத்திரத்தில் ஒரு சொட்டை இருந்தால் திருப்பி அனுப்புகிறவன். என்னிடம் போய்ச் சொட்டையையே படமாகப் போட்டுத் தருகிறேன் என்கிறாயே.

சுவருக்குப் பெயர் பெற்ற காலண்டர் ஓவியர் ஒருவரைப் பேசிவிட்டோம். இன்னொன்றும் தெரிந்துகொள். அந்தக் கூடத்துக்கு ஒரு விதி உண்டு. எழுதியவன் நான், கமிட்டி கையெழுத்துப் போட்டது. ஓர் உயிரைக் கொன்று கிடைத்த எதுவும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. பட்டுத் திரை கிடையாது. தோல் வாத்தியம் கிடையாது. தேன்மெழுகு கிடையாது. சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புகூட வேண்டாமென்று கல் சுண்ணாம்பு தேடிப் பூசினோம். உன் குப்பை எங்கெங்கே புரண்டு வந்ததோ, யார் கண்டது? அதைக் கொண்டுவந்து பகவான் முன்னால் மாட்டச் சொல்கிறாயா?

இந்தப் பேச்சை இத்துடன் விடு. பங்குனியில் அண்ணியை அனுப்புகிறேன், அவளுக்குக் கூட்டு செய்து போடு.

உன் அண்ணன்,
தர்மதாஸ்


செஞ்சி,
1-3-1964

அன்புள்ள அண்ணாவுக்கு அனந்தமதி வணக்கம்.

உங்கள் விதியைப் படித்தேன். நல்ல விதி. அதைப் படித்த பிறகு அந்தச் சுவர் மேல் எனக்கு ஆசை இன்னும் அதிகமாகிவிட்டது, ஏனென்றால் அந்த விதிக்கு என் படத்தைப்போல் பொருந்துகிற படம் வேறு இல்லை. கேளுங்கள்.

பாறை முழுக்க உடைந்த சிலேட்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போட்டு உடைத்ததை நான்கு வருஷமாகச் சேர்த்தேன். சிலதில் ஆனா ஆவன்னா அழியாமல் இருக்கிறது, அப்படியே விட்டேன். பாறையின் அடியில் புல்லும் மண்ணும் மல்லாட்டைத் தோல், கோணிப்பைக் கிழிசல். வானம் மண்ணெண்ணெய் டின். வெயில் படுகிற இடத்தில் உடைந்த வளையல். பலகை, கன்னியப்பன் கடைத் தேயிலைப் பெட்டி. வண்ணம், லாரிக்குப் பெயர் எழுதுகிறவர்கள் மிச்சம் விட்ட டப்பாக்கள், செங்கல் பொடி, விளக்குக் கரி. பிரஷ்கூட முடியில் இல்லை, பனை நாரைத் தட்டி நானே கட்டியது. ஒரு எறும்புகூட இதற்காகச் சாகவில்லை. உங்கள் காலண்டர்க்காரரின் பிரஷ் எந்த அணிலின் வாலிலிருந்து வந்தது என்று அவரைக் கேட்டீர்களா?

தீர்த்தங்கரர்கள் எதில் என்று கேட்கவில்லையே! பூட்டு. சாவி தொலைந்து, துருப்பிடித்து, யாருக்கும் வேண்டாமென்று போன பழைய பூட்டுகள். ஒரு பூட்டை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள் அண்ணா. கீழே சம்மணம் போட்ட உடம்பு, மேலே தலையைச் சுற்றித் திருவாசி. முதல் பூட்டு அவலூர்பேட்டைச் சந்தையில் ஒரு கடைக்காரர் வீசி எறிந்தது என் காலடியில் நிமிர்ந்து விழுந்தபோது நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று ஆரம்பித்ததுதான் இந்தப் படம்.

கேட்டுவிட்டு அனுப்பினால் வேண்டாமென்பீர்கள். அதனால் அனுப்பிவிட்டுச் சொல்கிறேன். மெட்ராசுக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரியில் படம் நேற்றே கிளம்பிவிட்டது. டிரைவரிடம் உங்கள் கடை விலாசம் கொடுத்திருக்கிறேன். திருப்பி அனுப்புவதானாலும் ஒருமுறை பிரித்துப் பார்த்தாக வேண்டுமல்லவா? பாருங்கள். அது போதும் எனக்கு.

அனந்தமதி


சென்னை,
14-3-1964

அன்புள்ள அனந்தமதிக்கு,

உனக்கு எவ்வளவு துணிச்சல்!

வியாபாரம் நடக்கிற நேரத்தில் லாரி வந்து நின்றது. நாலு ஆள் சேர்ந்து இறக்கினார்கள். கடைக்குள் வைக்க இடமில்லை, குடங்களை நகர்த்தி நடைபாதையோரம் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னேன். கோணியால் மூடிவைக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் கோணி விலகிக் கிடக்கிறது, எதிரில் அஜிததாஸ் ஐயா நிற்கிறார். எங்கள் கமிட்டித் தலைவர். ஸ்கூல் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர், எதையும் சுலபத்தில் ஒப்புக்கொள்ளாத மனுஷர். பூட்டுகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"யார் செஞ்சது தர்மதாஸ்?"

என்னால் மறைக்க முடியவில்லை. "என் தங்கச்சி" என்றேன்.

"இத வெச்சுக்கிட்டா காலண்டர் படம் தேடினே?"

அவ்வளவுதான். மறுநாள் கமிட்டி முழுவதும் வந்து பார்த்தது. இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஐயா உன் கடிதத்தைக் கேட்டு வாங்கி, ஒரு எறும்புகூடச் சாகவில்லை என்ற இடத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அதற்குப் பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சுவர் உனக்கு, படத்தை மாட்டியும் விட்டோம். சித்திரையில் மகாவீர் ஜயந்தியன்று திறப்பு விழா. காலண்டர் ஓவியர் என்மேல் கோபமாக இருக்கிறார்.

எனக்கு இன்னும் அந்தப் படம் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடத்துக்குள் போனால் கண் அங்கேதான் போகிறது.

ஒரு விஷயம். பூட்டு உட்கார நீ விட்ட மாடங்களில், கீழ் வரிசையின் கடைசி மாடம் காலியாக இருக்கிறது. இருபத்துமூன்று பூட்டுதான். லாரியில் விழுந்ததா, நீயே விட்டாயா? விழாவுக்குள் அதை நிரப்பியாக வேண்டும் என்று ஐயா சொல்லிவிட்டார்.

தர்மதாஸ்

பின்குறிப்பு: நைனாவின் கடையில் வேலை பார்த்தவர் ஒருவர் இங்கே வந்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பா செஞ்சதா?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதை உனக்கு எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன்.


செஞ்சி,
22-3-1964

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ராணி மாதிரி திரிந்தேன். இன்று அந்த மிதப்பெல்லாம் போய்விட்டது. படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். படத்தைத் தொடங்குமுன் ஒரு சின்னப் பலகையில் ஒத்திகை பார்த்திருந்தேன், கொஞ்சம் சிலேட்டு, கொஞ்சம் மல்லாட்டைத் தோல். அது கொட்டகையில் கிடந்தது. நேற்று மழைத் தூறல். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் கறுப்பன் அந்தப் பலகையைக் காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நக்கு நக்கென்று நக்குகிறது. சிலேட்டெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. பக்கத்தில், படத்தை ஒட்டக் காய்ச்சியது போக மிச்சமிருந்த பசைக் கட்டி ஒன்று, அதை எலும்பைக் கடிப்பதுபோல் கடித்துக்கொண்டிருந்தது. மரப் பிசினை நாய் இப்படித் தின்னுமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கையோடு அந்தக் கட்டியைப் பிடுங்கிக்கொண்டு, வாங்கிய இடத்துக்கே போனேன். இரும்புக் கடைப் பாண்டுரங்கன். "இது எந்த மரத்துப் பிசின்?" என்றேன்.

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மரமா? இன்னாம்மா டீச்சர் நீங்க! வஜ்ஜிரம்மா இது. மாட்டுத் தோலு, எலும்பு, கால் கொளம்பு எல்லாத்தையும் போட்டுக் காச்சி எடுக்கறது. நீங்க கேட்டு வாங்கிக்கினு போனப்போ தெரிஞ்சிதான் வாங்கறீங்கன்னு நெனச்சிக்கினேன்."

அண்ணா, நம் வீட்டில் நாம் யாராவது அதைப் பார்த்திருக்கிறோமா? நம் வீட்டுக்கு வருகிற ஆசாரிகள் மரியாதைக்காக அந்தச் சட்டியை வாசலுக்குள் கொண்டுவருவதேயில்லை, மரமுளை அடித்தே கட்டிலும் கதவும் செய்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெயரைக்கூட நம் காதில் போட்டதில்லை. அதனால் தங்க நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்த கட்டியைப் பார்த்ததும் வேப்பம்பிசின் போல ஏதோ ஒன்று என்று வாங்கிவந்தேன். காய்ச்சும்போது நாற்றம் வந்தது. மாட்டுக் கொட்டகை நாற்றம் என்று நினைத்தேன்.

பூட்டும் தகரமும் கம்பியிலும் ஆணியிலும் நிற்கிறது. மற்றதெல்லாம், பாறை முழுக்க, அந்தப் பசை. ஒரு எறும்புகூடச் சாகவில்லை என்று எழுதினேனே! அழுதேன். உங்கள் மாப்பிள்ளை சமாதானம் சொல்ல வந்து, அவரும் திட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஐயாவிடம் சொல்லிப் படத்தை எனக்குத் திருப்பி அனுப்புங்கள்.

அனந்தமதி


சென்னை,
27-3-1964

அன்புள்ள தங்கைக்கு,

நீ அந்தக் கடிதத்தை எழுதவில்லை. நான் படிக்கவில்லை. உன் அண்ணிக்கும் காட்டவில்லை, கிழித்துவிட்டேன்.

கொஞ்சம் யோசி. அழைப்பிதழ் அச்சாகி ஊர் ஊராகப் போய்விட்டது. அதில் உன் பெயர் இருக்கிறது, ‘செஞ்சி திருமதி அனந்தமதி குணபாலன் அவர்களின் திருநாதர் குன்று’ என்று. நீ கேட்டதுதானே? எத்தனை நாள் கேட்டாய்? கிடைத்துவிட்டது. உலர்ந்து கெட்டியான பசையை யார் முகர்ந்து பார்க்கப் போகிறார்கள்?

சரி, பாவம் என்கிறாய். கூடத்தின் கதவு? பெஞ்சு? அலமாரி? மெட்ராஸ் ஆசாரி எதைப் போட்டு ஒட்டினான் என்று நான் கேட்டேனா? உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. கதவையும் கழற்றச் சொல்வாயா? இப்படிப் பார்த்தால் நம் ஜனங்கள் யாரும் நாற்காலியில் உட்கார முடியாது. தெரியாமல் செய்ததற்குத் தோஷமில்லை.

படம் ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏறாது. அந்த இரண்டு முகம் சுளித்தவர்களும் காத்திருக்கிறார்கள். காலண்டர்க்காரரும் காத்திருக்கிறார். வாயைத் திறக்காதே.

காலி மாடத்துக்குப் பூட்டை மட்டும் தபாலில் அனுப்பு.

உன் நன்மையை நாடும்,
தர்மதாஸ்


செஞ்சி,
2-4-1964

அண்ணாவுக்கு,

தெரியாமல் செய்தது தோஷமில்லை. சரி. இப்போது தெரிந்துவிட்டதே, என்ன செய்வது?

கதவைப் பற்றி நீங்களும் கமிட்டியும் பேசிக்கொள்ளுங்கள். கதவு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் உங்களிடம் ஒன்று சொன்னேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், உங்கள் ஐயா அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அந்தச் சுவர் எனக்குக் கிடைத்தது அந்த வார்த்தைக்காக. அந்த வார்த்தை பொய் என்றால் சுவரும் என்னுடையதில்லை.

எனக்குச் சுவர் வேண்டும் அண்ணா. இப்போதும் வேண்டும். ராத்திரி படுத்தால் அந்தச் சுவர்தான் கண்ணில் நிற்கிறது, இன்னும் நான் பார்க்காத சுவர். ஆனால் பிள்ளைகள் அதற்கு முன்னால் கண்ணை மூடி உட்காரும்போது நான் செஞ்சியில் உட்கார்ந்து நெளிந்துகொண்டிருக்க முடியாது. என் படத்தைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் நான் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். அப்படித்தான் எனக்குப் பழக்கம்.

ஐயாவுக்கு நானே எழுதியிருப்பேன். விலாசம் எழுதக் கவர்கூட எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன். விதியை எழுதியது நீங்கள். என் கடிதத்தைவிட உங்கள் வாய்ச்சொல்தான் சரி.

பூட்டு அனுப்பவில்லை. பொருத்தமானது இன்னும் கிடைக்கவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் தீர்த்தங்கரர் ஆக்கிவிட முடியாது.

அனந்தமதி


சென்னை,
12-4-1964

அன்புள்ள அனந்தமதிக்கு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் கூடத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடினால் நாய் நக்குவதுதான் தெரிகிறது. கெடுத்தது நீ. கமிட்டியைக் கூட்டிச் சொன்னேன். முகம் சுளித்த இரண்டு பேரும் குதித்தார்கள். "அப்பவே சொன்னோம், குப்பைன்னா குப்பைதான்" என்றார்கள். அஜிததாஸ் ஐயா எழுந்து போய்க் கூடத்துக் கதவைத் தட்டிப் பார்த்தார். "கதவுல என்ன பசை தர்மதாஸ்?" என்று கேட்டார். ஆசாரியை வரவழைத்திருக்கிறோம்.

விழாவுக்குக் காலண்டர் படம் மாட்டுகிறார்கள். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை. ஐயா ஒன்றுதான் சொன்னார், "அந்தம்மா மறுபடி செஞ்சா, மறுபடி பாப்போம்." அது வாக்குறுதி இல்லை. ஆசை வைக்காதே.

பலகையை அப்படியே லாரியில் அனுப்பினால் தூக்கும்போதே ஏதாவது உதிர்ந்து தொலைந்துவிடும். கூலி ஆள் கையில் கொடுத்தால் மிச்சமும் போகும். அதனால் நானே பிரித்தேன். கொல்லையில் பலகையைச் சாய்த்து, வெந்நீர் ஊற்றி ஊற்றி, கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தேன். உன் அண்ணி படியில் உட்கார்ந்துகொண்டு, "செஞ்சில பாத்தா வெக்கம், இங்க வெக்கமில்லையா?" என்று கேட்டாள். வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

கலந்துவிடக் கூடாதே என்று கடையிலிருந்து புதுப் பாத்திரம் எடுத்துவந்து பிரித்துப் பிரித்துப் போட்டேன். சிலேட்டு அண்டாவில், வளையல் சொம்பில், மல்லாட்டைத் தோல் தாம்பாளத்தில். ஒவ்வொன்றையும் நாற்றம் போகச் சுடுதண்ணீரில் கழுவினேன். ஒரு சிலேட்டுத் துண்டில் ‘அம்மா’ என்று கோணல் எழுத்தில் இருந்தது, கழுவும்போது அழிந்துவிடுமோ என்று எழுத்தைத் தொடாமல் அதன் பின்பக்கத்தை மட்டும் துணியால் துடைத்தேன். கடைசியில் கீழே ஒரு கைப்பிடி தூள் மிச்சமிருந்தது. தூக்கிப் போடலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. அதையும் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையை லாரி ஆபீசுக்கு அனுப்பவும்.

தர்மதாஸ்


செஞ்சி,
20-9-1964

அன்புள்ள அண்ணாவுக்கு அனந்தமதி வணக்கம்.

நீங்கள் அனுப்பிய தூளையும் சேர்த்துவிட்டேன். பாறையின் அடியில், வலது மூலையில்.

இத்தனை மாதம் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. வேலை. முதலில் விளாம்பிசின் போட்டேன். மல்லாட்டைத் தோல் நின்றது, சிலேட்டு நிற்கவில்லை. புளியங்கொட்டையை அரைத்துக் கூழ் காய்ச்சினேன். பூச்சி வந்தது. பூச்சி வந்தால் அதை ஓட்ட வேண்டும், ஓட்டினால் சாகும். அதையும் விட்டேன். ஆடி மழையில் கொட்டகை ஒழுகியது, தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு மாடும் நானும் ஒரே பக்கமாக நின்றோம்.

பிறகு வழி தெரிந்தது. இப்போது ஊருக்கு ஊர் கரண்ட் வந்துவிட்டதல்லவா, கிணற்றுக்குக் கிணறு மோட்டார். வோல்டேஜ் ஏறி இறங்கி மோட்டார் எரிந்துபோகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் தனகோட்டி மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். எரிந்த காயிலிலிருந்து உருவிப் போட்ட செப்புக் கம்பி அவர் கடை வாசலில் சுருள் சுருளாகக் கிடக்கும். அதை எடுத்துவந்தேன். சிலேட்டில் மெல்லிய துளை போட்டேன். பாறை முழுவதையும் பலகையோடு தைத்துவிட்டேன் அண்ணா. தையல் தெரிகிறது, மறைக்கவில்லை. மல்லாட்டைத் தோலைக்கூட நூலில் கோத்துத்தான் கட்டியிருக்கிறேன். வெயில் விழும்போது பாறைக்குள் செம்பு ஓடுவது தெரியும். முதல் படத்தில் இந்த அழகு கிடையாது. நாய் நக்கியதும் நல்லதுக்குத்தான்.

மண்டகப்பட்டுக் குகைக் கோயிலில் அந்தக் காலத்து ராஜா செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று கல்லில் வெட்டிவைத்துப் போனாரே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அதைக் காட்டிப் பாடம் சொல்வேன். நானும் இப்போது சொல்லிக்கொள்ளலாம், பசை இல்லாமல் ஒரு குன்று செய்திருக்கிறேன். கல்லில் வெட்டப் போவதில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

லாரி நாளை கிளம்புகிறது. சுவர் வேண்டுமென்று இந்த முறை நான் கேட்க மாட்டேன். படமே கேட்டுக்கொள்ளும். கடைசி மாடம் இன்னும் காலிதான். எத்தனையோ பூட்டு வந்தது, எதுவும் அங்கே உட்காரவில்லை. ஐயா கேட்டால், தேடிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

அனந்தமதி


சென்னை,
8-11-1964

அன்புள்ள தங்கை அனந்தமதிக்கு தர்மதாஸ் ஆசி.

தீபாவளி விடியலில், மகாவீரர் முக்தியடைந்த வேளையில், உன் குன்று சுவரில் ஏறியது. காலண்டர் படத்தை ஆபீஸ் அறைக்கு மாற்றிவிட்டோம். அஜிததாஸ் ஐயா கிட்டே போய் ஒவ்வொரு தையலையும் தடவிப் பார்த்தார். "இப்ப நாய்க்கு இதுல ஒண்ணும் கெடைக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முகம் சுளித்தவர்களில் ஒருவர் தன் வீட்டில் சாவியில்லாத பூட்டு ஒன்று இருப்பதாகச் சொன்னார், வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மாடம் அதற்குள் நிரம்பிவிட்டது.

அதைத்தான் எழுத வந்தேன். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கு வந்திருந்தேன். வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருந்தது. நீயும் மாப்பிள்ளையும் சீயமங்கலம் போயிருக்கிறீர்கள் என்றார்கள். கறுப்பன் மட்டும் வாசலில் படுத்திருந்தது, அதனிடம் என்ன பேசுவது? கடைத்தெருவுக்குப் போனேன். நைனா கடைக் கதவின் முன்னால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் இத்தனை வருஷம் திறக்கவில்லை என்று நீ கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் வியாபாரக் காரணம் ஏதாவது சொல்லியிருப்பேன். உண்மை என்னவென்றால், திறந்தால் உள்ளே நைனா இருக்க மாட்டார். அதை நான் பார்க்க வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

திறந்தேன். தூசி. தராசுத் தட்டு. வெல்ல வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தெரு வெளிச்சம் பின்சுவர்வரை நேராகப் போகிறது, படம் வரைகிறவர்களுக்கு நல்ல இடம்.

பூட்டைக் கையோடு எடுத்துவந்துவிட்டேன். அந்தப் பெரிய பித்தளைப் பூட்டு, உனக்குத் தெரியும். புளி போட்டுத் துலக்கி, கீழ் வரிசை கடைசி மாடத்தில் நானே கம்பி போட்டுக் கட்டினேன். என் முடிச்சு உன் முடிச்சைப்போல் இல்லை, பார்த்தால் தெரியும். இருக்கட்டும். துருப்பிடித்தவர்கள் நடுவில் ஒருவர் மட்டும் பளபளவென்று இருக்கிறாரே என்று ஐயா கேட்டார். போகப் போகச் சரியாகிவிடும் என்றேன்.

கடைக்கு இப்போது பூட்டு இல்லை. கதவைச் சணல் கயிற்றால் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவிழ்த்துக்கொண்டு உள்ளே போ. மாட்டை இனி கொட்டகையில் தனியாக இருக்க விடு.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கன்னியப்பன் கடையில் டீ குடித்தேன், அவருடைய பழைய குறை தீர்ந்தது. சந்தை முடிந்த மறுநாள் போலிருக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த மேடு நிறைய குப்பை. சும்மா நின்று பார்த்தேன். ஒரு பித்தளைக் குடத்தின் கழுத்து, வளையமாகக் கழன்று கிடந்தது. பழைய வார்ப்பு, இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை. வெயில் அதன்மேல் விழுந்தது. சட்டென்று எனக்குத் தோன்றியது, இது உனக்கு எதற்காவது ஆகும்.

வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தேன். பின்னாலிருந்து கன்னியப்பன் குரல் கேட்டது. "இன்னா சாமி, நீங்களுமா?"

திரும்பிப் பார்த்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று எடுத்துக்கொண்டேன். பார்சலில் வருகிறது.

உன் அண்ணன்,
தர்மதாஸ்